கணவாயில் இருப்பவன் பெயர்

1973 நவம்பர் 4

இன்றைக்கும் டீயில் உப்பும் வெண்ணெயும். மருமகள் டோல்மா தனக்குப் போட்டுக்கொண்டால் சரி, இவருக்கும் கொடுத்துவிட்டாள். இவர் பாவம், ஒரு வாய் குடித்துவிட்டு "மோர் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு ஜவுளிக்கடைக்கு ஓடிவிட்டார்.

இமயமலையில் குலுவுக்கும் அப்பால் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் ரோடு போடப் போன என் மகன் ஜவஹர், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். இவளை தி.நகருக்குக் கூட்டிவந்து என்னிடம் விட்டுவிட்டு, வேலையை ஒப்படைத்து வருகிறேன் என்று மறுநாளே ரயிலேறிவிட்டான். பனி விழுந்து கணவாய் மூடுவதற்குள் வந்தாக வேண்டும். தவறினால் மே மாதம்தானாம்.

ஒன்று சொல்ல வேண்டும். டோல்மா புருஷன் பேரை வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை. நானே முப்பது வருஷமாக இவர் பேரைச் சொன்னதில்லை, ஆனால் இந்தக் காலத்துப் பெண் யார் அப்படி இருக்கிறாள்? பக்கத்து வீட்டு நஸ்ருன்னிசாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

நவம்பர் 19

தந்தி வந்தது. வேலை முடிந்ததாம், நாளை கணவாய் ஏறுகிறானாம். "ஜவஹர் வாரான்!" என்று கத்தினேன். டோல்மா காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். வெட்கமா? இதில் என்ன வெட்கம்?

டிசம்பர் 2

ஆளும் இல்லை, தகவலும் இல்லை. அங்கே பெரும்பனியாம், தந்திக்கம்பி அறுந்து கிடக்கிறதாம். மேலே ஏறினானா, திரும்பினானா — யாருக்கும் தெரியவில்லை.

டிசம்பர் 3

ஜவஹர். ஜவஹர். முருகா, என் ஜவஹர்.

1974 ஜனவரி 14

பொங்கல். பேருக்கு ஒரு பானை வைத்தேன்.

நஸ்ருன்னிசா உருதுவில் கேட்க, டோல்மா தெரிந்த இந்தியில் தன் ஊரைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்கூரை எல்லாம் தட்டையாம், அதன்மேல்தான் விறகும் புல்லும் அடுக்குவார்களாம். வாசலைப் பனி மூடிவிட்டால் கூரையிலிருந்து ஏணி வைத்து இறங்குவார்களாம். கீழே ஆடுமாடு, மேலே ஒரே அடுப்பைச் சுற்றி மொத்தக் குடும்பமும். குளிர் முடியும் வரை கம்பளி நூற்பதுதான் வேலை. வழியில் மாட்டிக்கொண்டவனை எந்த வீடும் வைத்துச் சோறு போடுமாம்.

"அப்போ திரும்பியிருந்தா பிழைச்சிருப்பான். திரும்பலைன்னா?" என்றேன்.

டோல்மா ஊசியை எடுத்துக் கம்பளிக் காலுறை பின்ன உட்கார்ந்துவிட்டாள். மெட்ராஸில் கம்பளிக் காலுறை!

பிப்ரவரி 20

கத்தித் தீர்த்துவிட்டேன். "ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டாட்டி உனக்கு? நான் ஜவஹர் ஜவஹர்னு சாவுதேன், நீ காதைப் பொத்துத!"

சத்தம் கேட்டு நஸ்ருன்னிசா ஓடிவந்தாள். டோல்மா அவளிடம் இந்தியில் என்னவோ சொன்னாள்.

"இன்னாக்கா நீ! மருவாதிக்காக அவ பேரு சொல்லாம இல்லக்கா. அவங்க ஊருல பொம்பளைங்க புருஷனைப் பேரு சொல்லித்தான் கூப்புடுவாங்களாம். கணவாய்க்குப் போனவன் பேரை மட்டும் சொல்லக்கூடாதாம். காதுல வுழுந்து திரும்பிப் பாத்துடுவானாம், பனியில கால் வழுக்கிடுமாம். ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புடற வரிக்கும் சொல்லக்கூடாதாம். இத்தினி நாளா பயந்துகினு கீதுக்கா அந்தப் பொண்ணு."

மரியாதை என்று ஊருக்கெல்லாம் பீற்றிக்கொண்டேனே. அத்தனையும் பயம். நானோ விடிந்தால் அடைந்தால் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மூடநம்பிக்கைதான், தெரியும். இருந்தாலும் — திரும்பிப் பார்த்திருப்பானோ?

பிப்ரவரி 21

இன்று அவன் பேரைச் சொல்லவில்லை. இனி எழுதவும் மாட்டேன்.

மே 5

மணாலியிலிருந்து தந்தி! பையன் கணவாயைத் தாண்டிவிட்டான்! நான் வாயைத் திறந்தேன், டோல்மா பாய்ந்துவந்து என் வாயைப் பொத்தினாள். இந்த வெயிலிலும் அவள் கை ஜில்லென்று இருந்தது.

மே 10

ரயில்வே ஸ்ட்ரைக். கணவாய் திறந்தால் ரயில் மூடிக்கொள்கிறது. எந்த ஸ்டேஷனில் சுருண்டு கிடக்கிறானோ, சாப்பிட்டானோ இல்லையோ. கடையிலிருந்து வந்த இவர் பையன் பேரைச் சொல்ல வாயெடுத்தார். "ஷ்!" என்றோம் நாங்கள் இரண்டு பேரும்.

மே 31

வந்துவிட்டான். பாதி உடம்புதான் மிச்சம். நவம்பரில் பாதி வழியில் திரும்பியவனைக் கணவாயடியில் ஒரு வீட்டில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். இடது காலில் இரண்டு விரல் பனியோடு போயிற்று. அந்தக் காலைப் பார்த்துக்கூட நாங்கள் வாயைத் திறக்கவில்லை. இலையைப் போட்டோம். அவனுக்கும் அந்த ஊர் வழக்கம் தெரியும். டோல்மாவைப் பார்த்துக்கொண்டே முதல் வாய்ச் சோற்றை விழுங்கினான்.

"ஜவஹர்!" என்றாள். அத்தனை மாதத்து அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. அழுதுகொண்டே "ஜவஹர்! ஜவஹர்!" தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"என்னட்டி இது, புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுதா!" என்றார் இவர்.

"கூப்பிடட்டுமே, தனபாலன்" என்றேன்.

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மோர் கேட்டார்.