செல்லத்தாயின் நனைந்த முதுகு

1974 மே 6, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. சாந்தன்பாறைக்கு யாராவது போனால் வாங்க: மண்ணெண்ணெய், இன்லேண்ட் லெட்டர், தலைவலி மாத்திரை.

நேற்று செல்லத்தாயைப் புதைத்தார்கள். ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவள். உடம்பில் விஷம் என்றார் டாக்டர். எப்படிப் போனது? புருஷனோடு சண்டை, மருந்தைக் குடித்துவிட்டாள் என்று என் தம்பி ஞானராஜ் போலீசில் சொல்லியிருக்கிறான். இங்கே அவன்தான் சூப்பர்வைசர். புருஷன் முத்தையா ஸ்டேஷனில்.

வெள்ளி மத்தியானம் அவளைப் பார்த்தேன். முதுகில் மாட்டிய மருந்து டாங்க் ஒழுகியது. ரவிக்கை, சேலை எல்லாம் ஈரம். இறக்கச் சொல், குளிக்கட்டும் என்றேன் தம்பியிடம். இரண்டு வரிசைதான் பாக்கி என்றான்.

மே 7, செவ்வாய்

வீடெல்லாம் மருந்து நெடி. காப்பியில்கூட. தம்பி மனைவி கிருபைக்கு நெடியே தெரியவில்லையாம்.

ஸ்டோர் பக்கம் போனேன். அந்த டாங்கில் ஒழுகிய இடத்தில் புது ஈயப்பற்று, பளபளவென்று. தம்பியிடம் கேட்டேன்.

“ஏக்கா, லீவு முடிஞ்சா நீ பாலக்காட்டுக்குப் போயிருவ. நான் இங்கனதான் பொழைக்கணும். நீ ஒண்ணும் பாக்கல.”

மே 8, புதன்

உபதேசியார் வீட்டில் வேத வகுப்பு. இந்த லீவில்தான் சேர்ந்தேன். கல்லூரி நாளில் விட்ட கோயில், இந்த வயதில் கடைசிப் பாயில் மாணவி. பாடம்: தேவ ஞானம், உலக ஞானம். குடும்ப நிம்மதிக்காகச் சும்மா இருப்பது எதில் சேரும் என்று கேட்டேன், பெயர் சொல்லாமல். எல்லோருக்கும் புரிந்தது. உபதேசியார் கண்ணாடியைத் துடைத்தார். ஜெபம் பண்ணுங்கள், கர்த்தர் காட்டுவார் என்றார்.

முன்வரிசையிலிருந்து ஒருத்தி: “எம்.ஏ. படிச்சவுகளுக்கே வழி தெரியலைன்னா நாங்க எங்கிட்டுப் போறது?”

சிரிப்பு. நானும்.

மே 9, வியாழன்

ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் அவள் முதுகு. சொட்டிக்கொண்டே முன்னால் போகிறது. திரும்புவதில்லை.

கிருபையிடம் வாக்குத்தத்தப் பெட்டி உண்டு. சுருட்டிய வசனச் சீட்டுகள். தினம் காலையில் ஒன்று எடுப்பாள். கிளி ஜோசியம் என்று கேலி செய்தவள் நான். இன்று எடுத்தேன். தைரியமாயிரு என்கிற மாதிரி. திரும்பப் போட்டுவிட்டு வேறொன்று. அமர்ந்திரு என்கிற மாதிரி. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். ஞானராஜும் ஒன்று எடுத்தான். பயப்படாதே. முகம் தெளிந்து, சீட்டியடித்தபடி தோட்டத்துக்குப் போனான்.

நான் ஞானம் கேட்கவில்லை. வாயை மூடிக்கொள்ள ஒரு சீட்டுக் கேட்டிருக்கிறேன்.

மே 10, வெள்ளி

பஸ்ஸில் தனியாக ஸ்டேஷன். நீங்களே கண்ணால் பார்த்ததா என்று எஸ்.ஐ. மலையாளத்தில் கேட்டார். பார்த்தேன் என்றேன். டாங்க், ஈரம், இரண்டு வரிசை, தம்பியின் பெயர். எழுதினார்கள். கையெழுத்து.

முத்தையா சுவரோரம் குந்தியிருந்தான். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து வந்தான்.

“அம்மா, அன்னைக்குக் காலைல நான் அவள அடிச்சது நெசந்தான். அதையும் எழுதச் சொல்லுங்க.”

அதையும் எழுதினார்கள். அவனை விடுவார்களா தெரியாது.

நான் வீடு திரும்புமுன் ஞானராஜுக்குச் சேதி வந்திருக்கிறது. கிருபை தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த அறையில் பிள்ளைகளிடம் சொல்கிறான், அத்தையிடம் யாரும் பேசக்கூடாது என்று. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாக. சின்னவள் ஏன் என்றாள். அவன் எழுந்து வந்து நடுக்கதவைச் சாத்தினான்.