காய்ச்சல் வேறு, சூடு வேறு

அக்கா,

மார்ச் 14, காலை 9.40. என் சோதனையில் வைரஸ் வந்துபோன தடயம் காட்டிய இரத்த மாதிரிகள் 61. அவற்றைக் கொடுத்தவர்களில் 57 பேர் உன்னிடம் ‘ஆமாம்’ என்றிருக்கிறார்கள். என் சோதனை சரி.

போன வாரம் பேராசிரியர் என்ன சொன்னார் தெரியுமா? “கேள்வித்தாள்ல அத்தனை பேரும் காய்ச்சலே வரலைங்கறாங்க. உன் ரத்தப் பரிசோதனை வந்துச்சுங்குது. எல்லாத்தையும் தூக்கிப் போடு.” இரண்டு வருட ஆய்வு குப்பைக்கூடை வரை போய்விட்டது.

மக்களிடம் பேசி ஆய்வு செய்யும் நீ அதே வீடுகளுக்குப் போய், ‘காய்ச்சல்’ என்ற சொல்லை விட்டுவிட்டு, “உடம்பு சுட்டுச்சா?” என்று கேட்டிருக்கிறாய். அந்த வெல்டரின் பதிலை உன் ஒலிப்பதிவில் திரும்பத் திரும்பக் கேட்டேன். “சுட்டுச்சும்மா. ஆனா காய்ச்சல்னா படுக்கணும்ல? நான்தான் வேலைக்குப் போனேனே!” வைரஸைப் பிடிக்கத் தெரிந்த எங்களுக்கு இது பிடிபடவில்லை.

முடிவைக் காட்டியதும் பேராசிரியர், “உங்க அக்காவுக்குக் கடைசியில ஒரு நன்றி போட்டுடு. சும்மா பேசிட்டுத்தானே வந்தாங்க?” என்றார்.

“அவ பேசினதாலதான் சார் என் ஆய்வு பிழைச்சுது” என்றேன். அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

பாராட்டி எழுதவெல்லாம் எனக்கு வராது. செய்யப்போவதைச் சொல்கிறேன்.

1. கட்டுரையில் உன் பெயர் முதலில். என் பெயர் அதற்கு அடுத்து.
2. பேராசிரியர் மறுத்தால் என் பெயரும் வராது.
3. “மூத்தவ சும்மா ஊர் சுத்துறா” என்று அப்பா இனி யாரிடம் சொன்னாலும், நடுவில் புகுந்து திருத்துவேன்: “அவ விஞ்ஞானிப்பா.”

உன் தம்பி