சஹானாவுக்கு என் சோப்பு வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த நடுராத்திரியில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஷிஃப்ட் முடிந்து சிங்கப்பெருமாள் கோயில் ஹாஸ்டலுக்கு வரவே நேரமாகிவிட்டது. அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

நான் விட்டுவந்த சோப்பைப் போட்டுக் குளிப்பாட்டினால்தான் என் வாசனையில் சஹானா அழாமல் தூங்குகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கழுத்து மடிப்பில் சிவந்திருக்கிறது என்றும் அதே கடிதத்தில் இருந்தது. பெற்றவள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கம்பெனி லேபிலிருந்து, காரமா புளிப்பா என்று நிறத்தில் காட்டும் பிஹெச் தாள் கொண்டுவந்து, இங்கே நான் போடும் அதே சோப்பை நனைத்துத் தொட்டுப் பார்த்தேன். தாள் கருநீலமாகிவிட்டது, பத்துக்குக் குறையாது; ஏழைத் தாண்டினாலே காரம். குழந்தையின் தோல் ஐந்தரைதான், மோரைவிட லேசான புளிப்பு. இந்தக் காரத்தை அது தாங்காது.

அறைத்தோழி அஃப்ஸானா சிரித்தாள்.

"இன்னாடி, கம்பெனில டெஸ்ட் பண்ணது போதாதா? நீயும் அதத்தான போட்டுக் குளிச்சிகினு கீற, உனுக்கு இன்னா ஆச்சு? பேஜாரு பண்ணாம படு."

என் தோலும் ஒன்பது மாதக் குழந்தையின் தோலும் ஒன்றா, அம்மா?

சிவப்பு குறையும்வரை வெதுவெதுப்பான தண்ணீரே போதும். குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். சோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை நீங்கள் போட்டுக் குளியுங்கள். தோளில் சாய்த்துத் தூங்கவைக்கும்போது அந்த வாசனை அவளுக்குப் போதும்.

மாமா இந்தப் பக்கம் வந்தால் அவள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். துவைக்க வேண்டாம்.

அஃப்ஸானா விளக்கை அணைக்கச் சொல்கிறாள். சிவப்பு குறைந்ததா என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

தேன்மொழி