நூற்றைம்பது ரூபாய் பீட்சா

ஏப்ரல் 9, 2017

குருத்தோலை ஞாயிறு. சர்ச்சுக்குப் போகவில்லை. லாட்ஜில் கூட்டம், பதினான்கு அறைகள் துடைத்தேன்.

மாலையில் சித்தூருக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரர் தியோடரின் அக்கா லோயிஸ் அண்ணிதான் எடுத்தார். நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது தேன்மொழிக்கு நாலு வயது. அன்றிலிருந்து அவரிடம்தான் வளர்கிறாள். இடையில் தியோடர் காமாலையில் இறந்துபோனார். அதற்கும் என்னை அனுப்பவில்லை அந்த வீட்டுக்காரர்கள். ஒன்பது வருடம் முடித்து நான் திரும்பியபோது, விமான நிலையத்தில் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள் என் பெண்.

ஜூனில் ஒன்பதாம் வகுப்பு. திருப்பதியிலேயே சேர்த்துவிடுகிறேன், என்னோடு இருக்கட்டும் என்றேன்.

"என்னை எதுக்குக் கேக்கற ரூபா? அவளையே கேளு" என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டார்.

இருபத்தொன்பதாம் தேதி வருகிறாளாம். இரண்டு நாள். என்ன செய்து வைக்கட்டும் என்று கேட்டேன்.

"பீட்சா. குவைத்துல அந்த வூட்டுப் பசங்களுக்கு நீங்கதான் செய்வீங்கன்னு அம்மா சொன்னாங்க."

அம்மா என்றால் லோயிஸ் அண்ணி. அண்ணியை 'நீ' என்பாள். எனக்கு 'நீங்க'.

ஏப்ரல் 11

நான் எங்கே செய்தேன்? ஃப்ரீசரில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பார்கள். ஓவனில் வைத்து எடுப்பேன். அவ்வளவுதான் என் கைவேலை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள பீட்சா கடையில் கண்ணாடி வழியாக விலைப்பலகையைப் பார்த்தேன். இரண்டு பேர் சாப்பிட்டால் என் இரண்டு நாள் சம்பளம் போய்விடும். சூப்பர் மார்க்கெட்டில் உறைய வைத்தது நாலு வகை இருக்கிறது. 95, 150, 180, 240. கடைசியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். சிக்கன் போட்டதும் வேண்டாம். ஃப்ரிட்ஜ் வீட்டுக்கார ஜெயம்மாவுடையது. "கவுச்சி உள்ள வந்தா ஃப்ரிட்ஜையே தூக்கி வெளிய வெச்சிடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 15

95 ரூபாய். சின்னதாக இரண்டு. தோசைக்கல்லில் மூடி வைத்துச் சுட்டேன். அடி கருகிவிட்டது, மேலே சீஸ் உருகவே இல்லை. மெழுகு மாதிரி. ஒன்றைத் தின்றேன். மற்றதை ஜெயம்மா பசுவுக்குப் போட்டார். பசுவும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஏப்ரல் 16

ஈஸ்டர். கிறிஸ்து எழுந்தார். நான் மதியம் வரை எழவில்லை. இடுப்பு வலி.

ஏப்ரல் 20

180 ரூபாய். பெட்டியில் படம் அழகு. கடையிலேயே அசைத்துப் பார்த்திருக்க வேண்டும். பிரித்தால் சீஸ் முழுக்க ஒரு பக்கமாக ஒதுங்கி, மேலே ஐஸ் பூத்திருக்கிறது. எங்கோ கரண்ட் போய், உருகி, மறுபடி உறைந்த பெட்டி. குவைத்தில் இப்படி ஒன்று வந்தால் அந்த அம்மா குப்பையில் போடச் சொல்வாள். நான் சாப்பிட்டேன். புளிப்பு.

இந்த மாதம் இதற்கு மேல் தோற்க முடியாது. ஏன் இந்தப் பாடு? ஒரு பீட்சா சரியாக வந்தால் பெண் என்னிடம் வந்துவிடுவாளா? வர மாட்டாள். தெரிகிறது. தெரிந்தும் நாளைக்கு மறுபடி அந்தக் கடைக்குத்தான் போவேன்.

ஏப்ரல் 23

150 ரூபாய். மஞ்சள் பெட்டி. வெங்காயம், குடைமிளகாய், சோளம். எட்டுப் பெட்டிகளை அசைத்துப் பார்த்து, ஆடாத ஒன்றை எடுத்தேன். கடைப்பையன் முறைத்தான்.

லாட்ஜ் சமையல்காரர் வேதாச்சலம் ஒரு வழி சொன்னார்: "கல்லுல போட்டா அடிதாம்மா வேவும். குண்டான்ல உப்பைக் கொட்டி நல்லா காயவுடு. மேல ஸ்டாண்டு வெச்சி தட்டை எறக்கி மூடிடு. ஓவன்தான் அது."

பதினெட்டு நிமிடம். சீஸ் ஓரம் வரைக்கும் இழுபட்டது. அடி பொன்னிறம். அரைவாசி சாப்பிட்டுவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தேன். வெகுநாளைக்குப் பிறகு ஏதோ ஒன்று சரியாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 29

வந்துவிட்டாள். என்னைவிட உயரம். பள்ளிக்கூடப் பையில் ஒரே ஒரு மாற்று உடை.

ஏப்ரல் 30

நேற்று இரவு எழுத முடியவில்லை.

பீட்சா நன்றாகத்தான் வந்தது. நாலு துண்டும் அவளுக்கே வைத்தேன். மூன்று சாப்பிட்டாள். "நல்லா கீது" என்றாள். பொய் இல்லை, ஆசையாகத்தான் தின்றாள். ஆனால் ஓரத்தைக் கடித்துத் தட்டிலேயே போட்டுவிட்டாள், அந்த வீட்டுப் பையன்கள் மாதிரியே. நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டிப் பக்கம் நின்று அந்த ஓரங்களைத் தின்றேன். யோசித்துச் செய்யவில்லை. ஒன்பது வருடமாக அப்படித்தான்.

அவள் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"ஏன் நின்னுக்கினு துன்றீங்க? இன்னொரு பீஸ் கீதே."

"அது உனக்கு."

"எனக்குப் போதும்" என்றாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு தட்டை என் கையிலிருந்து வாங்கி அவளே கழுவினாள்.

இன்று காலை பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "நான் இங்க வந்துட்டா அம்மாவுக்கு யாரு கீறாங்க? முட்டி வலி. தண்ணிக் கொடம்கூட நான்தான் தூக்கணும். நீங்க... உங்களுக்குத் தனியா இருந்து பழக்கம்தானே?"

குத்திப் பேசவில்லை. உண்மை என்று நினைத்துத்தான் சொன்னாள். ஆமாம், பழக்கம்தான் என்றேன்.

பழக்கமா? எனக்கா?

மே 6

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 19

அண்ணி போன் செய்தார். அழுதார். "நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல ரூபா, சத்தியமா." தெரியும் அண்ணி என்றேன். தெரியும்தான். அவரைத் திட்ட முடிந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 12

பள்ளி திறக்கும் நாள். சித்தூர் போயிருந்தேன். லோயிஸ் அண்ணியைக் கார்டியனாக எழுதித் தர என் கையெழுத்து வேண்டுமாம். அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தேன்மொழிதான் படிவத்தை நிரப்பினாள். குண்டு குண்டான எழுத்து. அப்பா பெயரைக் கேட்காமலே எழுதினாள். அம்மா பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. அண்ணி வேறு பக்கம் பார்த்தார்.

"உங்க பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டாள் என் பெண். "யூவா, ரெண்டு ஓவா?"

"ரெண்டு ஓ" என்றேன்.

எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

நாலு மணி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. நாளைக்கு லாட்ஜில் எனக்கு இரண்டாவது மாடி.