‘திருமணம் செய்துகொள்ளவில்லை’ என்ற வரி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். பாலை அரை லிட்டராகக் குறைக்கச் சொல்ல வேண்டும். தினமும் மறக்கிறேன், மீதியைத் தினமும் செடிக்கு ஊற்றுகிறேன். செடிக்குப் பால் ஆகுமோ ஆகாதோ.

விடுப்பு முடிந்து இன்று வேலைக்கு. கண் ஆஸ்பத்திரி, வரவேற்பு மேசை. எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது. ஷோபா ஒருமணி நேரத்துக்கு ஒரு தடவை, “மல்லிகா மேடம், ஊட்ட ஆய்த்தா?” சாப்பிட்டாயிற்றா என்று. வேறென்னதான் கேட்பாள், பாவம். ஆச்சு ஆச்சு என்றேன். டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்தேன், அடக்கத்துக்குப் பிறகு முதல் தடவை. இணையக் கலைக்களஞ்சியத்தில் நான் ‘கொத்தமல்லி’. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் கண்டவரும் கண்டதை எழுதுவார்கள். நாங்கள் நாலைந்து பேர் பின்னாலேயே துடைப்பத்தோடு போவோம். ஒரு மாதக் குப்பை சேர்ந்திருந்தது. ஓர் எம்.எல்.ஏ. ‘ஏழைகளின் விடிவெள்ளி’ ஆகியிருந்தார். அதை எடுத்தேன். ஓர் ஏரி இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. குறைத்தேன். ஒரு விளையாட்டுக்காரர் பக்கத்தில் புதிதாக ஒரு வரி: ‘இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.’ தவறான தகவல் என்று காரணம் போட்டு நீக்கினேன்.

பிறகு பால் காய்ச்சப் போனேன். பால் பொங்கும்போதுதான் அது யாருடைய பக்கம் என்று மண்டைக்குள் போனது.

சேவியர் பக்கம். என் வீட்டுக்காரர்.

அடுப்பைத் துடைத்தேன்.


ஜூலை 8, செவ்வாய்

தூறல் நிற்கவில்லை. துணி எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈரவாடை.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். ஆதாரத்தோடுதான் போட்டிருக்கிறார்கள். இங்குள்ள ஒரு கன்னடப் பத்திரிகையில் வந்த இரங்கல் செய்தி. ‘மூத்த ஹாக்கிப் பயிற்சியாளர் மறைவு. தாயையும் அண்ணனையும் விட்டுச் சென்றுள்ளார். அவிவாஹிதர்.’ மணமாகாதவராம். நான் அந்தப் பேப்பரைப் பார்த்திருக்கவில்லை. அந்த வாரம் எந்தப் பேப்பரையும் பார்க்கவில்லை.

தகவல் கொடுத்தது சார்ல்ஸ் பாவாவாகத்தான் இருக்கும். சேவியின் அண்ணன். எங்களுக்கு ரிஜிஸ்தர் கல்யாணம். நான் கோவிலுக்குப் போகிறவள். சர்ச்சில் நடக்காததை என் மாமியார் கல்யாணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை, இன்றுவரை. அது தெரிந்ததுதான். ஆனால் அச்சில் வரும் என்று நினைக்கவில்லை.

இப்போது என் தப்பு. குடும்பத்தார் தங்கள் ஆளைப் பற்றிய பக்கத்தில் கை வைக்கக் கூடாது. நலமுரண் என்போம். பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற பேச்சுப் பக்கத்தில் உறவைச் சொல்லிவிட்டுக் கோரிக்கை வைக்கலாம், அவ்வளவுதான். வேறொருவர் பார்த்துச் செய்வார். இதை எத்தனை மகன்களுக்கும் மருமகன்களுக்கும் நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சேவியின் பக்கத்தை அவரிடம் பயிற்சி எடுத்த ஒருவர் ஆரம்பித்தார், நான் ஒரு காற்புள்ளிகூட வைத்ததில்லை. அவர் போன அன்று நான் அக்காவுக்கே போன் செய்யுமுன், யாரோ ‘பயிற்சியாளர் ஆவார்’ என்பதை ‘ஆக இருந்தார்’ என்று மாற்றியிருந்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன்.

ஆக, நேற்று செய்ததை நானே மாற்ற வேண்டும். மாற்றினேன். என் கையாலேயே ‘இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை’ என்பதைத் திரும்ப வைத்தேன். காரணம்: ‘எனக்கு நலமுரண் உள்ளது.’ சேமி.

பேச்சுப் பக்கத்தில்: ‘கட்டுரைக்குரியவருடன் என் உறவு: மனைவி. மேற்படி வரி தவறு. சரிபார்த்து நீக்கவும், மனைவி பெயரைச் சேர்க்கவும் வேண்டுகிறேன். பெயர்: மல்லிகா.’

கோபம் வர வேண்டும் இல்லையா. வரவில்லை. ரசத்துக்குப் புளி கரைத்தேன்.


ஜூலை 9, புதன்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது. சிலிண்டர் வந்தது.

கொள்ளேகாலிலிருந்து அக்கா போன்.

“சோறு உண்டயா புள்ள?”

“உண்டேன்க்கா.”

“பொய் சொல்லாத. குரலே சொல்லுது.”

விஷயத்தைச் சொன்னேன். பிறகு பிடித்துக்கொண்டாள். “அடப்பாவி மனுசா! கல்யாணமே ஆகலைன்னா எழுதி வெச்சிருக்கறான்? அப்ப இத்தன வருசம் நீ என்ன, வாடகைக்கா இருந்த?”

“அக்கா.”

“சரி, உன்ற கையிலதான அது இருக்குது? நீயே அழிச்சுப்போட்டு உன்ற பேர எழுதிக்க வேண்டீதுதான?”

“எழுதக் கூடாதுக்கா. சொந்தக்காரங்க எழுதக் கூடாதுன்னு இருக்கு.”

“யாரு சொன்னது?”

“நாங்கதான் பேசி வெச்சோம்.”

“நல்லா வெச்சீங்க போ. பொண்டாட்டிக்குத் தெரியாதது வேற எவனுக்குத் தெரியும்?”

அதற்குத்தான் கூடாது என்று சொல்லவந்து விட்டுவிட்டேன். அவள் இருமினாள். மழையில் நனைகிறாள் போல. கஷாயம் குடி என்றேன்.


ஜூலை 11, வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது, கொட்டினேன்.

தட்டான் பதில் போட்டிருக்கிறார். தட்டான் என்பது களஞ்சியத்தில் பெயர், ஆள் யாரென்று தெரியாது. தூத்துக்குடிப் பக்கம் என்று நினைக்கிறேன். பல வருடமாகச் சேர்ந்து துடைப்பம் போடுகிறோம். அவர் எழுதியது: ‘கொத்தமல்லி அக்கா, ஆழ்ந்த இரங்கல். இவர் உங்கள் கணவர் என்று இன்றுதான் தெரியும். நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் நம்புவது வேறு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள். வெளியான ஆதாரம் ஏதாவது உண்டா? கல்யாணச் சான்றிதழ் செல்லாது, அது வெளியான ஒன்றல்ல. பத்திரிகை திருத்தம் போட்டால் உடனே மாற்றிவிடலாம். மன்னிக்கவும்.’

சரியான பதில். நானாக இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். மன்னிக்கவும் மட்டும் போட்டிருக்க மாட்டேன்.

ஆதாரம் தேடினேன். சேவியைப் பற்றிய பழைய பேட்டிகள். ‘வீட்டில் யார் யார்?’ என்று ஒருவன் கேட்டிருக்கிறான். ‘என் வீடு மைதானம்தான்’ என்று பதில் சொல்லியிருக்கிறார் மகாராசன். அப்போது படித்துவிட்டுச் சிரித்தேன், ஞாபகம் இருக்கிறது.

மத்தியானம் பத்திரிகை ஆபீசுக்குப் போன் செய்தேன். அங்கிருந்தவர் கன்னடத்தில் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். செய்தி கொடுத்தவர் சொன்னால் திருத்தம் போடுவோம், வேறு யார் சொன்னாலும் பிறகு எங்களுக்குத்தான் வம்பு மேடம் என்றார். அவர்களுக்கும் ஒரு விதி இருக்கிறது.


ஜூலை 12, சனி

மண்டி மொஹல்லா போனேன். ஆட்டோ சந்துக்குள் வரமாட்டேன் என்றான். நடந்தேன். செருப்பெல்லாம் சேறு.

பாவாவின் கடையில் கப்பு, ஷீல்டு, மெடல். எங்கோ நடக்கப்போகிற பந்தயத்துக்குப் பெயர் பொறிக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டார். காபி சொன்னார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் என்னை ‘நீங்க’தான். மரியாதைக்கு அல்ல, தள்ளி வைக்க.

“அது வேணும்னு பண்ணதில்லம்மா. பேப்பர்காரன் போன் பண்ணான். அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. கல்யாணம் ஆச்சான்னு கேட்டான். அம்மா என்னையே பாக்கறாங்க. நான் என்ன சொல்றது?”

“ஆச்சுன்னு சொல்லியிருக்கலாம் பாவா.”

அவர் மிஷினை நிறுத்தச் சொன்னார். சத்தம் நின்றதும் அவருடைய குரலும் இறங்கியது.

“திருத்தம் போடச் சொல்றேன். அம்மாவ நான் பாத்துக்கறேன். ஆனா நீங்களும் ஒண்ணு செய்யணும். இன்டர்நெட்ல அவனப் பத்தி இருக்கே, அதுல அந்த சஸ்பென்ஷன் விஷயம். வயசு கூடின பையன எறக்கினான்னு ஒரு வருஷம் தடை போட்டாங்களே. அது ஏன் இருக்கணும்? செத்தவன் மேல அழுக்கு இல்லையா? என் பிள்ளைங்க படிக்கறாங்க, மத்தவங்களும் படிக்கறாங்க. நீங்க அதுல பெரிய ஆளுன்னு அவனே சொல்லியிருக்கான். அத எடுத்துடுங்க. மறுநாளே பேப்பர்ல உங்க பேர் வரும்.”

“அது உண்மை பாவா.”

“உங்க கல்யாணமும் உண்மைதானே?”

காபி நன்றாக இருந்தது. குடித்துவிட்டு யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். சந்து முனையில் கொத்தமல்லிக்கட்டு வாங்கினேன், தேவையே இல்லாமல்.


ஜூலை 13, ஞாயிறு

மழை. எங்கும் போகவில்லை.

எடுத்துவிட முடியும். பொய் சொல்ல வேண்டாம், எனக்கு வழி தெரியும். நானே தொடக்கூட வேண்டியதில்லை. ‘ஒரு சிறு விஷயத்துக்குத் தனித் தலைப்பு அதிகம்’ என்று பேச்சுப் பக்கத்தில் நாசூக்காக ஒரு வரி. தட்டானுக்கு என் மேல் பரிதாபம், இரண்டு வரியை ஒன்றாக்குவார். கொஞ்ச நாள் கழித்து ‘சுருக்கம்’ என்று அந்த ஒன்றும் போகும். இப்படி எத்தனை பேர் செய்ததைப் பிடித்திருக்கிறேன், செய்முறை எனக்குத் தெரியாதா.

அதற்குப் பதிலாக அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர். எனக்கு அது வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் யாரை ஏமாற்ற? கல்லறையில் இல்லை, பேப்பரில் இல்லை, ஓரிடத்திலாவது இருக்கட்டும் என்று ஆசையாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டுமே தூரத்தில், வேறு யாருக்கோ நடப்பதுபோல.

அந்தப் பக்கம் முதலில் வந்தபோது சேவியிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு முழுக்கப் படித்தார். தடை விஷயம் வந்ததும் நான் வாயைத் திறந்தேன். “நடந்துச்சுல்ல? இருக்கட்டும்டி. பையனோட வயசு எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் எறக்கினேன்,” என்றார். பிறகு, “போட்டோதான் மோசம்,” என்றார்.

மத்தியானம் சாதத்தில் தயிர். தூங்கினேன்.


ஜூலை 14, திங்கள்

வேலையில் கூட்டம். திங்கள் என்றாலே கூட்டம். ஷோபா தன் டப்பாவிலிருந்து சித்திரான்னம் வைத்தாள். கொஞ்சம் சாப்பிட்டேன்.

சாயங்காலம் பாவாவுக்குப் போன் செய்தேன்.

“என்னால முடியாது பாவா.”

“என்னம்மா முடியாது? ஒரு வரி.”

“ரெண்டு வரி. ரெண்டும் இருக்கட்டும்.”

“அப்ப கரெக்‌ஷனும் முடியாது. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.”

“சொல்லல.”

“பிடிவாதம் பண்றீங்க. அவனும் இப்படித்தான்.”

வைத்துவிட்டார். தட்டானுக்கு எழுதினேன்: ‘பத்திரிகைத் திருத்தம் வராது. என் பெயரைச் சேர்க்கும் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். அந்த வரியை மட்டும் பாருங்கள். தடை பற்றிய பகுதியை நீக்கச் சொல்லிக் குடும்பத்தினர் யாராவது கேட்டால், ஆதாரம் இருக்கிறது, நீக்க வேண்டாம்.’

குடும்பத்தினர் என்று எழுதும்போது நானும் அதில் சேர்த்தியா என்று ஒரு கணம் நின்றேன். அனுப்பிவிட்டேன்.


ஜூலை 16, புதன்

நல்ல வெயில். போர்வை, மெத்தை உறை எல்லாம் மாடியில். பால்காரரிடம் சொல்லிவிட்டேன், நாளையிலிருந்து அரை லிட்டர்.

தட்டான் முடித்துவிட்டார். ‘உயிரோடிருக்கும் ஒருவர் மறுப்பதாலும், ஒரே ஆதாரம் என்பதாலும், இவ்வரி நீக்கப்படுகிறது.’ ‘தனி வாழ்க்கை’ என்ற தலைப்பின் கீழ் அது ஒன்றுதான் இருந்தது. தலைப்பும் போய்விட்டது. சரியான முடிவு. நன்றி சொன்னேன்.

பிறகு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தேன். திருத்த அல்ல, சும்மா. பிறந்தார். ஆடினார். பயிற்சி கொடுத்தார். ஊர் ஊராக முகாம்கள். ஓராண்டு தடை. திரும்ப முகாம்கள். இறந்தார்.

அக்கா போன் செய்தாள்.

“என்னாச்சு புள்ள, உன்ற பேர் போட்டாங்களா?”

“இல்லக்கா. கல்யாணம் ஆகலைன்னு இருந்ததை எடுத்துட்டாங்க.”

“அப்ப ஆச்சுன்னு போடலயா?”

“போடல. அதைப் பத்தி ஒண்ணுமே இல்ல.”

“அந்தத் தடை கிடைன்னு ஏதோ சொன்னயே, அது?”

“அது இருக்கு.”

“என்ன கருமம்டி இது. நல்லது ஒண்ணையும் காணோம், அதைய மட்டும் பத்திரமா வெச்சிருக்கறாங்க. எடுக்கச் சொன்னா எடுத்துத் தொலையறதுதான? பேராவது வந்திருக்குமல்ல?”

“அந்த ஒரு வருசம்தான்க்கா அவர் வீட்டுல இருந்தார்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“முகாமே கெடையாது அந்த வருசம். தினமும் என்னை ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விட்டார். சாயங்காலம் கேட்டுக்கு வெளிய நிப்பார். மேல்கோட்டை மலைக்கோவிலுக்குக்கூட பஸ்ல கூட்டிட்டுப் போனார், படியேற மாட்டேன்னு நான் உக்காந்துட்டேன். சப்பாத்தி போடக் கத்துக்கிட்டார், ஒண்ணாவது வட்டமா வரணுமே. மத்த வருசமெல்லாம் எந்த ஊர்ல இருந்தார்னு நான் அந்தப் பக்கத்துல பாத்துத்தான் சொல்லணும். அந்த வருசம் மட்டும் பாக்க வேண்டாம். அதைப் போய் எப்படிக்கா எடுக்கச் சொல்லுவேன்?”

சொல்லிக்கொண்டே வந்தவள் அழுதுவிட்டேன். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, கேவலமாக. அவர் போனதிலிருந்து இதுதான் முதல் தடவை.

“அழு கண்ணு, அழு,” என்றாள் அக்கா. போனை வைக்கவே இல்லை.