ஒரு நெல் தள்ளிய பொட்டு

அவனியாபுரம்,
தை 12

அன்பு மகள் முத்துமீனாவுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். சர்க்கரை மட்டும் என்னைவிடச் சுறுசுறுப்பாக ஏறி இறங்குகிறது. வான்கூவர் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானா? போனில் நீ சாப்டீங்களாப்பா என்கிறாய், நான் சாப்ட்டேம்மா என்கிறேன், அதற்குள் உனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிடுகிறது. கடிதம் என்றால் குறுக்கே சாப்டீங்களா என்று கேட்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஜல்லிக்கட்டு நல்லபடியாக முடிந்தது. கடையில் பிளக்ஸ் வேலை மூச்சுவிட நேரமில்லை. பேயாண்டி தன் காளையோடு நிற்கும் படத்தைக் கொண்டுவந்து, அண்ணே மாட்டைக் கொஞ்சம் கலராக்குங்க என்றான். ஆக்கிக் கொடுத்தேன், மாடு ஒன்றும் சொல்லவில்லை. என் தொழிலே வாய் திறந்து ஒன்றும் சொல்லாதவர்களை நம்பித்தானே நடக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பக்கம் இறந்த அம்புட்டுப் பேருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்திருக்கிறேன். மருவை எடுத்து, வழுக்கையில் முடி வளர்த்து, பின்னால் மேகம், ஓரத்தில் விளக்கு, ஒரு சொட்டுக் கண்ணீர். உன் அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எல்லாரையும் மேகத்துல ஏத்திவிட்டா மழை எங்கிட்டிருந்துய்யா பெய்யும் என்பாள்.

அவள் போன அன்று நம் கடை டிசைனர் செல்வக்குமார், அண்ணே எந்திரிங்க, நான் பண்றேன் என்று என் கையைப் பிடித்து இழுத்தான். என் அன்னக்கொடியின் போஸ்டரை இன்னொருத்தன் செய்வதா என்று நானே உட்கார்ந்தேன். மேகம் கூடாது, விளக்கு கூடாது, ஊரே போடுகிற எதுவும் கூடாது, முகம் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். அந்த நேரத்திலும் எனக்குக் கலை தேவைப்பட்டது பார். நாகஜோதி வீட்டுக் காதுகுத்தில் எடுத்த படத்தைத் திறந்தேன். மேகம் போடும் வேலை இல்லாததால் கை முகத்துக்குப் போய்விட்டது. நாடியில் எண்ணெய் தெறித்த தழும்பை எடுத்தது. சிரித்தால் சின்னதாகிற இடது கண்ணை வலது கண்ணுக்குச் சமமாக்கியது. பொட்டை நடு நெற்றிக்கு நகர்த்தியது. நான் அழுதுகொண்டிருந்தேன், கை பாட்டுக்கு வேலை பார்த்தது. முடித்ததும் ஒரிஜினலின் மேலேயே சேவ் செய்துவிட்டேன். கடையில் சேருகிற ஒவ்வொருவருக்கும் ஒரிஜினலைத் தொடாதே, காப்பி எடுத்து வேலை செய் என்று முதல் நாளே சொல்கிறவன் நான்.

மறுநாள் பால்காரி மாயக்காள் சுவருக்கு முன்னால் நின்று, யாருண்ணே இது, அக்காவுக்குச் சொந்தமா, சாயல் அடிக்குது என்றாள். பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் உன் அம்மாவைப் பார்த்தவள். மூன்றாம் நாள் நீ வந்தாய். நான் வரும்வரை அம்மாவை வச்சிருங்கப்பா என்று போனில் சொல்லியிருந்தாய். சொந்தக்காரர்கள் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. உனக்குப் பார்க்கக் கிடைத்தது அந்தப் போஸ்டர் மட்டும்தான். ஏர்போர்ட்டிலிருந்து வீடுவரை சுவருக்குச் சுவர் அதுதான். ஆட்டோவை விட்டு இறங்கியதும் இது யாருப்பா என்று கேட்டாய்.

மாசியில் வருஷம் திரும்புகிறது. அதற்குப் படம் செய்ய ஒரு மாதமாக உட்காருகிறேன். தழும்பை வரைந்தால் அழுக்கு ஒட்டினதுபோல் இருக்கிறது. கண்ணைச் சின்னதாக்கினால் அடிபட்ட கண்ணாகிறது. பொட்டை ஒரு நெல் அளவு தள்ளினேன், அது தள்ளிப்போன பொட்டாக இல்லை, தள்ளி வைத்த பொட்டாக இருக்கிறது. செல்வக்குமார் எட்டிப் பார்த்து, அண்ணே பொட்டு விலகியிருக்கு, நடுவுல வைக்கவா என்கிறான். அவள் கண்ணாடி பார்க்காமல் அடுப்படியில் நின்றபடியே வைப்பாள். நடுவில் இருப்பதாக நம்பித்தான் வைப்பாள். அந்த நம்பிக்கையைக் கம்ப்யூட்டரில் எங்கே தேடுவது? பள்ளிக்கூடம் கிளம்பும்போது நீ கட்டை விரலால் அதை நடுவுக்கு நகர்த்துவாய், போடி, நடுவுலதான இருக்கு என்று உன் கையைத் தட்டிவிடுவாள்.

வேறு படம் இல்லை. கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறவள். ஆதார் அட்டையில் இருப்பது யார் என்று அரசாங்கத்துக்குத்தான் தெரியும். அவள் போவதற்கு முந்தின லீவு முடிந்து நீ கிளம்பியபோது ஏர்போர்ட் வாசலில் உன் போனில் அவளை ஒரு படம் எடுத்தாய். கை ஆடி, அவள் கண் பாதி மூடி, வாய் ஏதோ சொல்ல வந்து நின்ற படம். நான் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரு படமா, அழிச்சுரு என்றேன். நீ என் பேச்சை என்றைக்கும் கேட்டதில்லை என்ற ஒரே தைரியத்தில் இதை எழுதுகிறேன். இருந்தால் அனுப்பு. அழித்திருந்தால் அதையும் சொல்லிவிடு, தேடுவதையாவது நிறுத்துவேன். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும், தெரியட்டும். செல்வக்குமார் பிரிண்ட் கொடுக்கும்வரை என் கை அதில் படாமல் நான் டீக்கடையில் இருப்பேன். ஒரே ஒரு படம், சுவருக்கு இல்லை, வீட்டுக்கு.

குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்கணும் என்று பாண்டி முனியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அனுப்பும்போது வெளிச்சத்தைக் கூட்டாதே, எதையும் சரிபண்ணாதே. நீயும் படம் வரைகிறவள், உனக்கு வந்திருப்பது என் கை. பொட்டு ஒரு நெல் தள்ளித்தான் இருக்கும். கட்டை விரலை அந்தப் பக்கம் கொண்டுபோய்விடாதே அம்மா.

உன் அப்பா,
மலைச்சாமி