என் முகத்தின் வயது

அக்டோபர் 14, சனி

மழை. காலையில் மாட்டுக்கறி நூடுல்ஸ் கடையில் இடம் கிடைக்கவே கால் மணி நேரம். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏதோ ஒரு ஆன்லைன் விளையாட்டு நிறுவனத்திலிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. "அன்புள்ள வீராங்கனையே, இந்த வாரம் பதினொன்றரை மணி நேரம் போரிட்டிருக்கிறீர்கள். கண்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்."

நான் யாரோடும் போரிட்டதில்லை. வேலை பார்க்கும் நூலகத்தில் மூன்றாம் மாடி அலமாரிகளை இடம் மாற்றினேன். அது ஒன்றுதான் இந்த வாரம் நான் செய்த சாகசம். வேறு யாருக்கோ போக வேண்டியது எனக்கு வந்துவிட்டது என்று நினைத்து, சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அக்டோபர் 16, திங்கள்

எனக்கு வந்ததுதான்.

அந்த விளையாட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். கணக்கு என் பெயரில் இருக்கிறது. அடையாள அட்டை எண் என்னுடையது. முகமும் என்னுடையது. செப்டம்பர் 23 காலை பதிவு செய்திருக்கிறேனாம். அந்த முனையிலிருந்த பெண் என்னை வாழ்த்தும் குரலில் சொன்னாள்: "வயது வந்தவர்னு உறுதியாயிடுச்சு மேடம். உங்களுக்கு நேரக் கட்டுப்பாடே கிடையாது."

செப்டம்பர் 23. யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். தான் பஸ் ஓட்டும் கம்பெனியில் குடும்பத்தாருக்குக் காப்பீடு போடுகிறார்கள், கண்ணைச் சிமிட்டு, வாயைத் திற, தலையை ஆட்டு என்றாள். வாயில் நுரையோடு சிமிட்டினேன், திறந்தேன், ஆட்டினேன். அம்மா கேட்டால் எதற்கு என்று யார் கேட்பார்கள்?

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும், அதுவும் இரவு எட்டிலிருந்து ஒன்பதுவரை மட்டும் விளையாடலாம் என்பது சீனா முழுவதற்கும் அரசாங்கம் போட்ட விதி. என் தங்கை மாய்மாய்க்குப் பதின்மூன்று வயது. அவள் பள்ளியிலிருந்து ஆறு மணிக்கு வருகிறாள். நான் நூலகத்திலிருந்து எட்டரைக்கு வருகிறேன். வாரத்துக்குப் பதினொன்றரை மணி நேரம், கணக்கு ஏறக்குறைய சரியாக வருகிறது.

அக்டோபர் 17, செவ்வாய்

அம்மாவிடம் கேட்டேன். பால்கனியில் ஓட்டுநர் சீருடையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இல்லை என்பாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"ஆமா, எடுத்தேன். மாய்மாய்க்குத்தான்."

"அது என் முகம்மா."

"உன் மொகத்தை என்ன தேய்ச்சா போட்டேன்? அப்படியேதானே இருக்கு. நான் பெத்த மொகம். ஒரு நிமிஷம் வாங்கிக்கிட்டேன்."

அதற்கப்புறம் அவள் பேசினாள், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்பா எங்களை விட்டுவிட்டு ஷென்ஜென் நகரத்துக்குப் போன பிறகு நாங்கள் இந்தப் பக்கம் வீடு மாறினோம். மாய்மாய் பள்ளி மாறினாள். ஒரு வருடமாக வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை மூன்று முறை கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது: ஒரு சனிக்கிழமை எட்டு மணிக்கு அம்மா கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். உள்ளே மாய்மாய் விளையாடிக்கொண்டே சிரித்திருக்கிறாள், யாருக்கோ வழி சொல்லியிருக்கிறாள், சத்தம் போட்டிருக்கிறாள். ஒன்பது மணிக்கு எல்லாம் நின்றுவிட்டதாம், குழாயை மூடினது போல.

"எம் பொண்ணு எப்போ வாயத் தொறக்கணும்னு நான் முடிவு பண்றேன். அவளை முன்னப்பின்ன பாக்காத எவனோ ஒருத்தன் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, எட்டுலேர்ந்து ஒம்போதுன்னு சொல்லுவானா?"

அந்த விதி எனக்கும் பிடித்ததில்லை. நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளையும் ஒரே குழந்தையாக நினைத்துப் போட்ட விதி அது. ஊமையாகிப்போன ஒருத்தி அதில் எங்கே வருவாள்? ஆனால் அம்மா, உன் உரிமையைத் திருடிவிட்டார்கள் என்று இவ்வளவு கத்துகிறாயே, என்னுடையதை எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டாயா? பதின்மூன்று வயதுக்காரிக்கு நீ தாய். சரி. இருபத்து நான்கு வயதுக்காரிக்கு?

இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். எப்போதும் போல.

அக்டோபர் 18, புதன்

தூங்கி எழுந்தும் கோபம் போகவில்லை. உண்மையான காரணத்தை எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பதின்மூன்று வயதில் என் கட்டிலுக்கடியில் நாற்பத்தொரு நாவல்கள் இருந்தன. வகுப்புத் தோழிகளோடு மாற்றிக்கொண்டவை, சிற்றுண்டியை விட்டுக்கொடுத்து வாங்கியவை. அம்மா அவற்றுக்கு வைத்திருந்த பெயர் வெட்டிப் புத்தகம். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது கட்டிலுக்கடியில் பெருக்கித் துடைத்திருந்தது. பழைய பேப்பர்காரனிடம் கொடுத்துவிட்டாள். அப்போதும் இதே வாக்கியம்தான்: "எம் பொண்ணு எதைப் படிக்கணும்னு நான் முடிவு பண்றேன்."

அன்று எந்த அரசாங்கமும் என் புத்தகங்களைத் தடுக்கவில்லை. அம்மாதான் தடுத்தாள். இன்று அரசாங்கம் தடுக்கிறது, அம்மா என் முகத்தைக் கொண்டு கதவை உடைக்கிறாள். எனக்குப் பூட்டு, மாய்மாய்க்குச் சாவி. சாவியும் நானே.

அக்டோபர் 29, ஞாயிறு

கணக்கை மூடச் சொல்லலாம். ஒரு போன் போதும். இன்னும் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை?

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது மாய்மாய் தானாகவே, யாரும் கேட்காமல், முள்ளங்கி காரமாக இருக்கிறது என்று சொன்னாள். அதனால்தான்.

நவம்பர் 8, புதன்

பெரியவர்கள் படிப்பறைக்குள் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பதினான்கு வயதுக்குக் கீழே அனுமதியில்லை என்றேன். அவளுடைய அப்பா கூடவே நின்றுகொண்டு, என் பிள்ளை, நான் சொல்கிறேன், உள்ளே விடு என்று வாதாடினார். விதியைக் காட்டினேன். சுவரிலே மாட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

அவள் கேட்டது ஒரு நாவல். நான் பதின்மூன்றில் படித்தது.

நவம்பர் 18, சனி

விளையாட்டு மறுபடியும் முகம் கேட்கிறது. திடீர்ச் சோதனையாம். அம்மா போனை நீட்டினாள். இந்த முறை நேர்மையாக, மறைக்காமல். ஆனால் அப்போதும் "தருவாயா" என்று கேட்கவில்லை. "சீக்கிரம் சிமிட்டு, நான் பஸ் எடுக்கணும்" என்றாள்.

மாட்டேன் என்றேன்.

மாய்மாய் கதவோரம் நின்றிருந்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. அறைக்குள் போய்விட்டாள்.

நவம்பர் 19, ஞாயிறு

"உனக்குப் பொறாமைடி," என்றாள் அம்மா.

ஆமாம்.

நவம்பர் 20, திங்கள்

மாய்மாய் சாப்பிடவில்லை. இன்று பள்ளியில் வாந்தி எடுத்தாளாம். ஒரு விளையாட்டுக்கா இவ்வளவு? விதி போட்டவர்கள் சொன்னதுதான் சரியோ, இது ஒரு போதைதானோ என்றுகூட நினைத்தேன். அம்மாவிடம் அதைச் சொன்னபோது கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 21, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். ஆறு மணிக்கு மாய்மாய் வந்தாள். நேராக என் அறைக்கு வந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை. நான் விளையாட மாட்டேன். பதில் மட்டும் சொல்லிட்டு வந்துடறேன்."

யாருக்கு என்று கேட்டேன். அழ ஆரம்பித்தாள். எனக்குள் என்னென்னவோ ஓடியது. எவனோ ஒருவன், இருபத்து நான்கு வயதுப் பெண் என்று நினைத்துக்கொண்டு… போனை வாங்கி நானே என் முகத்தைக் காட்டினேன். சிமிட்டினேன், தலையை ஆட்டினேன். திறந்தது. அவளிடம் கொடுக்காமல் நானே படித்தேன்.

ஆண் இல்லை. "பனிக்கால முள்ளங்கி" என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பெண். முப்பத்தெட்டு வயது, வடக்கே குளிர் நகரமான முதான்ஜியாங்கில் ஒரு மழலையர் பள்ளியில் சமையல் வேலை. ஐந்து பேர் அணியில் மாய்மாயோடு சேர்ந்து ஆடுகிறவள். முதலில் விளையாட்டுப் பேச்சு, பிறகு சமையல், பிறகு புருஷன். அவன் அடிக்கிறான். பக்கம் பக்கமாக. ஒரு பெண் வயது வந்த தோழியிடம் சொல்வதையெல்லாம் என் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். ஏனென்றால் கணக்கில் என் வயது இருக்கிறது.

மாய்மாயின் பதில்கள்: "அக்கா, மருந்து போட்டீங்களா?" "வெந்நீர் குடிங்க." "அவர் வர நேரத்துல பக்கத்து வீட்டுக்குப் போயிடுங்க."

வெள்ளிக்கிழமை, நவம்பர் 17 அன்று முள்ளங்கி எழுதியது: "ஆத்துப் பாலத்துல நிக்கிறேன். தண்ணி இன்னும் உறையல."

என் தங்கை: "குளிரும் அக்கா. வீட்டுக்குப் போங்க. போய்ச் சேர்ந்ததும் எழுதுங்க. தினமும் எழுதுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

மறுநாள் நான் மாட்டேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முள்ளங்கி: "இருக்கியா?" கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்: "இருக்கியா?" அப்புறம் ஒன்றுமில்லை.

விளையாட்டின் குரல் அழைப்பில் அவளைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மாய்மாய் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதியும்படி. நான்காவது முறை முள்ளங்கி எடுத்தாள்.

நான் யார் என்று சொன்னேன். முகம் என்னுடையது, இத்தனை நாள் பேசியது என் தங்கை, அவளுக்குப் பதின்மூன்று வயது.

"குரல் கொழந்தை மாதிரி இருக்கேன்னு ஒரு தடவை கேட்டேன்," என்றாள். "லைப்ரரியில மெதுவாப் பேசிப் பேசி இப்படி ஆயிடுச்சுன்னு சொன்னா. எனக்குச் சந்தேகம் இருந்துச்சும்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு அப்போ யாராவது வேணும்."

கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஜியாமுஸி என்ற ஊரில் ஒரு அக்கா இருக்கிறாளாம். அவளிடம் சொல்ல வெட்கமாம். இன்றே சொல், அங்கே போய்ச் சேரும்வரை என்னிடம் பேசு, குழந்தையிடம் பேசாதே என்றேன். சரி என்றாள். பிறகு, அந்தக் குட்டியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல் என்றாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒலிபெருக்கியில்தான் பேசினோம்.

நவம்பர் 22, புதன்

இன்னும் ஒன்று, நேற்று எழுத மனம் வரவில்லை.

முள்ளங்கியைத் தேற்ற மாய்மாய் தன்னைப் பற்றி எழுதியிருக்கிறாள். அதாவது என்னைப் பற்றி. நூலகத்தில் வேலை செய்கிறேன் என்று. இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று. "எனக்குப் பதிமூணு வயசுல எங்கம்மா என் புத்தகமெல்லாம் தூக்கிப் போட்டுட்டா. செத்துடலாம்னு இருந்துச்சு. ஆனா இப்போ பாருங்க, என்னைச் சுத்தி அம்பதாயிரம் புத்தகம்."

அது நடந்தபோது மாய்மாய்க்கு இரண்டு வயது. நான் அவளிடம் அதைச் சொன்னதேயில்லை.

"யார் சொன்னது?"

"அம்மா."

"என்னன்னு?"

"உன்கிட்ட அப்படிப் பண்ணதுலேர்ந்து நீ அம்மாகிட்ட சரியாப் பேசறதே இல்லியாம். என்கிட்ட அந்தத் தப்பைப் பண்ண மாட்டேன்னு சொன்னா."

பதினோரு வருடம். என்னிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கொடுக்க வேண்டிய சுதந்திரத்தை அவளுக்குக் கொடுத்திருக்கிறாள், அதையும் என்னிடமிருந்தே எடுத்து. இதற்கு நான் நெகிழ வேண்டுமா? எரிகிறது.

நவம்பர் 24, வெள்ளி

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாலத்தைப் பற்றிச் சொன்னபோது உட்கார்ந்துவிட்டாள். கதவுக்கு வெளியே நின்று சிரிப்பைக் கேட்டவள், அதற்கப்புறம் உள்ளே நடந்ததைக் கேட்கவில்லை. விதியும் கேட்கவில்லை. அந்த நிறுவனமும் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டியதோடு சரி. நான் மட்டும் என்ன, அடுத்த அறையில் இருந்துகொண்டு போதை என்று தீர்ப்புச் சொன்னேன்.

"அவ நல்லதுக்குத்தான்…" என்று ஆரம்பித்து அம்மா நிறுத்திக்கொண்டாள்.

கணக்கை மூடிவிட்டேன்.

டிசம்பர் 9, சனி

முள்ளங்கி அக்காவுடைய உண்மையான பெயர் குய்ஃபென். ஜியாமுஸி போய்ச் சேர்ந்து பதினாறு நாளாயிற்று. தன் அக்காவின் சமையலறைப் படத்தை அனுப்பியிருந்தாள். மாய்மாயிடம் காட்டினேன். பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தாள். பிறகு போய்ச் சாப்பிட்டாள்.

பள்ளியில் இன்னும் பேசுவதில்லை. அது அப்படியே இருக்கிறது. தன் சொந்தப் பெயரில் வெள்ளி, சனி, ஞாயிறு ஒரு மணி நேரம் ஆடுகிறாள். அது போதாது. போதாது என்று இப்போதும் சொல்வேன், கேட்க யாராவது இருந்தால்.

ஜனவரி 4, வியாழன்

இன்று இரவுச் சாப்பாட்டுக்கு மீன். அம்மா வெகு சாதாரணமாக ஆரம்பித்தாள். டிப்போவில் பஸ் கழுவும் ஃபெங் அக்காவிடம் பேசியிருக்கிறாளாம், அவள் முகம் தரத் தயாராம், அதுவும் கேட்டு, சம்மதம் வாங்கி, எல்லாம் முறைப்படி. இந்தத் தடவை தானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வாளாம். அம்மா மாறவேயில்லை. மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன்.

மாய்மாய் முந்திக்கொண்டாள். "ஃபெங் பெரியம்மாவுக்கு எத்தனை வயசு?"

"அம்பத்தி நாலு."

"வேண்டாம்மா. இருபத்தி நாலு வயசையே என்னால தூக்க முடியல."

அம்மா மீனிலேயே மென்மையான கன்னத்துச் சதையை எடுத்து மாய்மாயின் கிண்ணத்தில் வைத்தாள். இன்னொரு துண்டை எடுத்து என் பக்கம் நீட்டி, பாதியில் நிறுத்தி, "வைக்கட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன்.

வைக்கவில்லை.